திரையில் ஒரு முள்

பம்ப் டெஸ்ட் பெட்டில் நிற்கிறவர்களுக்கு எண்களைக் கண்டால் ஆகாது. படிக்கத் தெரியாமல் அல்ல. ஐ.எஸ். 9079 எந்த பம்புக்கு, ஐ.எஸ். 8034 எந்த பம்புக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் எதிரே பம்ப் இரைந்துகொண்டிருக்க, ஒரு கை டெலிவரி வால்வின் சக்கரத்தில் இருக்கும்போது, மின்னி மின்னி மாறுகிற இரண்டு தசம எண் அவர்களுக்கு எதற்கும் உதவாது. 2012-இல் கோவை ஆவாரம்பாளையத்தில் ஒரு சின்ன பம்ப் கம்பெனியின் ஷெட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன்.

கரண்ட் வந்தால் டெஸ்டிங், போனால் அசெம்பிளி என்று ஓடிக்கொண்டிருந்த வருஷம் அது. ஷெட்டின் மூலையில் தரைக்கடியில் சம்ப். அதிலிருந்து சக்‌ஷன் பைப் ஏறி வரும். நடுவில் பம்பை வைத்துப் போல்ட் போடும் பெட். அந்தப் பக்கம் டெலிவரி பைப், அதில் கேட் வால்வு. வால்வுக்கு முன்னால் ஒரு டீயில் பிரஷர் கேஜைத் திருகியிருப்பார்கள். முதலாளி அந்த கேஜையெல்லாம் கழற்றிவிட்டு பிரஷர் டிரான்ஸ்மிட்டர் மாட்டி, ஒயரை இழுத்துக் கம்ப்யூட்டரில் சேர்த்திருந்தார். டெஸ்ட் ரிப்போர்ட் பிரின்ட் எடுத்துக் கொடுத்தால்தான் வெளியூர் டீலர்கள் மதிக்கிறார்கள் என்பது அவர் கணக்கு. எனக்கு முன்னால் யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்த மென்பொருள், கறுப்புத் திரையில் பச்சை எண்களாக எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்தது.

ஃபோர்மேன் அந்தத் திரையின் பக்கம் திரும்புவதே இல்லை. கழற்றிய கேஜ்களில் ஒன்றை மறுபடி எடுத்து வந்து டீயில் திருகி வைத்திருந்தார். கிளிசரின் நிரப்பிய, 7 கிலோ அழுத்தம் வரை காட்டும் கேஜ். கண்ணாடியில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு.

“திரையில பார்க்கவே மாட்டேங்கிறாங்க சார். கார்ல இருக்கிற மாதிரி மீட்டரா போட்டுக் குடுத்துருங்க” என்றார் முதலாளி. என்னைக் கூப்பிட்டது அதற்குத்தான்.

ஃபோர்மேனிடம் என்ன குறை என்று கேட்டேன். “3.08 காட்டுது, 3.11 காட்டுது, 3.05 காட்டுது. ஏறுதா இறங்குதான்னு நான் ரோசனை பண்றதுக்குள்ள அடுத்தது வந்துருதுங்க தம்பி. முள்ளுன்னா எங்க நிக்குதுன்னு ஓரக்கண்ணுல பார்த்தாப் போதுமுங்க” என்றார். அந்தச் சிவப்புக் கோடு என்ன என்று கேட்டதற்கு, அதுதான் டியூட்டி பாயின்ட் என்றார். 5 ஹெச்.பி. மோனோபிளாக், 30 மீட்டர் ஹெட்டில் இவ்வளவு தண்ணீர் தள்ள வேண்டும் என்று பெயர்ப்பலகையில் அடித்திருக்கும். 10 மீட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 1 கிலோ. ஆக 3 கிலோவில் கோடு. வால்வை மூடிக்கொண்டே வந்து, முள் கோட்டைத் தொட்டதும் நிறுத்திவிட்டு டிஸ்சார்ஜைப் பார்ப்பார். அடுத்த மாடலுக்கு வேட்டி நுனியால் அழித்துவிட்டு வேறு கோடு.

திரையில் வேண்டியது முள் மட்டுமல்ல, கையால் நகர்த்தக்கூடிய அந்தக் கோடும்தான் என்பது எனக்கு அப்போது பிடிபட்டது. பார்க்க மட்டும் வைக்கிற மீட்டர் பாதி மீட்டர்தான்.

இருந்த மென்பொருள் பைத்தானில், பைக்யூட்டியை வைத்து எழுதியது. க்யூட்டி நார்வேக்காரர்கள் இருவர் 1991-இல் எழுதத் தொடங்கிய கருவிப்பெட்டி. பட்டன், பட்டியல், உரைப்பெட்டி எல்லாம் அதில் தயாராக இருக்கும். கேஜுக்குக் கிட்டத்தட்ட அதில் இருப்பது க்யூடயல். ரேடியோவின் வால்யூம் திருகு போன்ற ஒன்று. திருப்பலாம், ஆனால் அதில் முள்ளும் இல்லை, அளவு எண்களும் இல்லை. கருவி முகப்புகளுக்கென்றே க்யூட்டியின் மேல் கட்டிய க்யூடபிள்யூடி என்ற நூலகம் உண்டு, அதில் முள் வைத்த டயல் நன்றாகவே இருக்கும். 1986-இல் மேகின்டோஷுக்கு வந்த லேப்வியூவில் ஒரு வரி நிரல்கூட எழுதாமல் கேஜை இழுத்துப்போட்டுவிடலாம். இந்த ஷெட்டின் வரவு செலவுக்கு அது ஒத்துவராது. எனக்குக் கிலோவுக்கு ஒரு வட்டம், உள்ளே மீட்டருக்கு ஒரு வட்டம், நகரும் குறிகள் இரண்டு என்று தேவைகள் இருந்ததால் நானே வரைந்துவிடுவது என்று முடிவு செய்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு வரைவதற்கு ஆசையும் இருந்தது.

வெறும் விட்ஜெட் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது தன்னை வரைந்துகொள்ளும் இடத்தில், அதாவது பெயின்ட் ஈவன்டில், நம் கைவரிசையைக் காட்ட வேண்டும். முதல் கேள்வி, முள் எங்கிருந்து எங்கே போகும்? ஃபோர்மேனின் கேஜையே பார்த்துக்கொண்டேன். இடது கீழ் மூலையில் 0, வலது கீழ் மூலையில் 7, நடுவில் நேர் மேலே 3.5. மொத்தம் 270 டிகிரி. யூஜின் பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849-இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இன்றும் அந்த கேஜுக்குள் இருக்கிறது. வளைந்த தட்டைக் குழாய் ஒன்று, அழுத்தம் ஏறினால் கொஞ்சம் நிமிரப் பார்க்கும். அந்தத் துளி அசைவைச் சிறு பல்சக்கரம் பெருக்கி முள்ளைத் திருப்பும். திரையில் குழாயும் இல்லை, பல்சக்கரமும் இல்லை. முள்ளை எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் ஓடவிடலாம். ஆனாலும் பழகிய கண்ணுக்கு 3 கிலோ என்பது உச்சிக்குச் சற்று இடதுபுறம். அந்த இடத்தை மாற்ற எனக்கு உரிமை இல்லை என்றே தோன்றியது.

கணக்கு எளிதுதான். வலது கைப்பக்கத்தை 0 டிகிரியாக வைத்து, இடமாகச் சுற்றினால் 225-இல் தொடங்கி, அளவு ஏற ஏறக் கழித்துக்கொண்டே போய் மைனஸ் 45-இல் முடியும். 3 கிலோ என்றால் 109 டிகிரி சொச்சம். இதை எழுதும்போது கவனம் வேண்டும்: அன்றைய பைத்தான் 2.7-இல் 3-ஐ 7-ஆல் வகுத்தால் விடை 0. தசமப் புள்ளி போட்டுக் கொடுத்தால்தான் பின்னம் வரும். க்யூட்டியிலும் பார்த்து நடக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வில் வரையும் கட்டளை கோணத்தை டிகிரியில் பதினாறில் ஒரு பங்காக எண்ணும், முழு வட்டம் 5760, இடமாகச் சுற்றும். வரைபலகையைத் திருப்பும் கட்டளையோ சாதாரண டிகிரியில், வலமாகச் சுற்றும். சிவப்புப் பகுதியை வில்லாகவும் முள்ளைத் திருப்பியும் வரைகிறவர் இரண்டு மொழியில் மாறி மாறிப் பேச வேண்டியிருக்கும்.

முகத்தை ஒரே ஒருமுறை வரைந்து படமாக வைத்துக்கொண்டேன். எண்களும் கோடுகளும் மாறப்போவதில்லை. ஒவ்வொரு முறையும் படத்தை ஒட்டி அதன்மேல் முள்ளை மட்டும் வரைந்தால் அந்தப் பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர் திணறாது. டிரான்ஸ்மிட்டரிலிருந்து அளவு வந்ததும் விட்ஜெட்டிடம் ‘அப்டேட்’ என்று சொன்னால் போதும். அது உடனே வரையாது, நேரம் கிடைக்கும்போது வரையும். பத்து முறை அடுத்தடுத்துச் சொன்னாலும் ஒருமுறைதான் வரையும். ஒயரில் வரும் தகவலைப் படிக்கும் வேலையைத் தனி இழையில் வைத்தேன். பதிலுக்காகக் காத்திருக்கும் வேலை திரையை வரையும் வேலையோடு சேர்ந்திருந்தால் ஜன்னல் உறைந்து, அங்கே நிற்கிறவர் மவுஸைப் போட்டு அடிப்பார்.

முதல் வடிவத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது ஃபோர்மேன் கொஞ்ச நேரம் பார்த்தார். “முள்ளுக்கு வாலு இல்லீங்களே” என்றார். நிஜ முள் நடுப்புள்ளியைத் தாண்டிப் பின்பக்கமும் கொஞ்சம் நீண்டிருக்கும், எடை சமன் செய்ய. திரையில் எடை ஏது? ஆனால் வால் வைத்துப் பார்த்தபோது, தூரத்திலிருந்து முள்ளின் சாய்வு பளிச்சென்று தெரிந்தது. அதுவரை நான் வைத்திருந்த ஒற்றைக் கோடு எட்டடிக்கு அப்பால் மங்கிப்போயிருந்தது.

அடுத்து அவர் கேட்டது: “ஒயர் அறுந்து போச்சுன்னா இது என்னுங்க காட்டும்?”

நல்ல கேள்வி. டிரான்ஸ்மிட்டர் அனுப்புவது 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையான மின்னோட்டம். அழுத்தம் 0 என்றால் 4, முழு 7 கிலோ என்றால் 20. அடியில் 4-ஐ ஒதுக்கி வைத்திருப்பதே இதற்குத்தான். ஒயர் அறுந்தால் 0 மில்லி ஆம்பியர் வரும், அது ‘அழுத்தம் இல்லை’ என்பதோடு குழம்பாது. கணக்குப் போட்டால் மைனஸ் 1.75 கிலோ. பச்சை எண் திரையில் முன்பு எழுதியவர் மைனஸ் வந்தால் 0 என்று காட்டச் செய்திருந்தார். நான் முள்ளை 0-க்குக் கீழே இறங்கவிட்டேன். அளவு வட்டத்தை விட்டு வெளியேறி, கீழே தொங்கி, சாம்பல் நிறமாகிவிடும். யார் பார்த்தாலும் ஏதோ கெட்டுவிட்டது என்று தெரியும். டெர்மினலில் இருந்து ஒயரை அவரே கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பிறகுதான் குறிகள். ஒன்று டியூட்டி பாயின்டுக்கு, நீல முக்கோணம். இன்னொன்று சிவப்பு, அழுத்தம் அதைத் தாண்டினால் மோட்டார் டிரிப் ஆக வேண்டும். இரண்டையும் மவுஸால் பிடித்து வட்டத்தின் ஓரமாக இழுக்கலாம். மவுஸ் இருக்கும் புள்ளியிலிருந்து கோணம் கண்டுபிடிக்க ‘ஏடேன்2’ என்ற பழைய கணிதச் சார்பு போதும். திரையில் செங்குத்து அளவு மேலிருந்து கீழே ஏறுவதால் அதன் குறியை மட்டும் மாற்ற வேண்டும். கோணத்தைத் திரும்ப அளவாக்கினால் வேலை முடிந்தது.

புத்தகத்தில் அப்படித்தான் முடியும். ஷெட்டில் அந்த மவுஸ் கிரீஸ் பூசிக்கொண்டு, காட்டன் வேஸ்ட் நூல் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு, நினைத்த இடத்தில் நிற்காத ஒரு ஜந்து. முக்கோணத்தின் மேல் துல்லியமாக வைத்து அழுத்தச் சொன்னால் யாராலும் முடியாது. அதனால் கண்ணுக்குத் தெரியும் முக்கோணத்தைவிடப் பெரிய இடம் அதற்குச் சொந்தம் என்று வைத்தேன். வேறு எங்கே அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. க்யூடயலில் முகத்தின் எந்த இடத்தை அழுத்தினாலும் திருகு அங்கே தாவிவிடும்; பாட்டுச் சத்தத்துக்கு அது வசதி, டிரிப் அளவுக்கு ஆபத்து.

இன்னொரு சிக்கல் 270 டிகிரி வட்டத்துக்கே உரியது. கீழே 90 டிகிரி காலியாக இருக்கிறது. 7 கிலோவில் இருக்கும் சிவப்புக் குறியை இழுக்கும்போது கை வழுக்கிக் காலி இடத்தின் நடுவைக் கடந்தால், கணக்கு நேர்மையாக 0 கிலோ என்று சொல்லும். குறி வலது மூலையிலிருந்து இடது மூலைக்குத் தாவும். ஓடுகிற பம்ப் அந்த நொடியே நின்றுபோகும். எதிர்ப்பக்கம் இன்னும் மோசம்: 0 பக்கத்தில் இருந்த குறி 7-க்குப் போய்விட்டால் பாதுகாப்பே இல்லை. இழுக்கும்போது ஒரே அசைவில் பாதி அளவுக்கு மேல் மாறினால் அதைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு வரி. சிவப்புக் குறிக்கு மட்டும், கையை எடுத்த பிறகு ‘மாற்றலாமா’ என்று கேட்கவும் வைத்தேன். நீலக் குறிக்குக் கேட்கவில்லை. ஒரு நாளில் எத்தனையோ முறை மாறுவது அது. எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கிற மென்பொருளுக்கு யாரும் படித்துப் பார்த்து ஆமாம் சொல்வதில்லை.

சண்டை வந்தது முள்ளின் ஆட்டத்தில். முதலாளிக்கு முள் அசையாமல் நிற்க வேண்டும். பம்ப் வாங்க வருகிறவர்களை அவர் நேராக அந்தத் திரை முன்தான் கூட்டி வருவார். “ஆடிட்டே இருந்தா பம்பு சரியில்லைன்னு நெனப்பாங்க சார்.” ஃபோர்மேனுக்கு ஆடியே ஆக வேண்டும். எனக்கு இரண்டு பேரும் சம்பளம் தருகிற கட்சிதான். ஒருவர் பணத்தால், மற்றவர் தினமும் அதைப் பயன்படுத்துவதால்.

முள்ளை அடக்குவது சுலபம். புதிதாக வந்த அளவுக்கும் முள் இருக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கு மட்டும் நகர்த்தினால் போதும். பத்தில் ஒரு பங்கு என்றால் முள் சாவதானமாகப் போகும், முழுப் பங்கும் என்றால் துடிக்கும். ஒரு ஸ்லைடரை வைத்து ஃபோர்மேன் கையில் கொடுத்தேன். அவர் அதை ஒரு ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, ஸ்பானரை எடுத்துக்கொண்டு சக்‌ஷன் பக்கம் போய் ஃபிளாஞ்சில் ஒரு போல்ட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினார். உஸ் என்று காற்று உறிஞ்சும் சத்தம். பம்பின் இரைச்சல் மாறியது. உள்ளே கூழாங்கல் உருள்வதுபோல. டீயில் இருந்த பழைய கேஜின் முள் இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் அலைய ஆரம்பித்தது. திரையில் இருந்த முள்ளும் அலைந்தது. பிறகு ஸ்லைடரை மறு ஓரத்துக்குக் கொண்டுபோனார். திரை முள் மட்டும் 2.8-க்குப் பக்கத்தில் சாந்தமாக நின்றது.

“முதலாளி கேக்கறது இதானுங்க. பம்பு காத்துக் குடிச்சுட்டு இருக்குது, இது பாட்டுக்கு நிக்குது.”

முள் நடுங்குவதையும் அலைவதையும் அவர் பிரித்தே பார்த்தார். 5 ஹெச்.பி. மோட்டார் நிமிடத்துக்கு 2880 சுற்று, அதாவது நொடிக்கு 48. அந்த அதிர்வு கேஜில் சுணையாகத் தெரியும், கிளிசரின் அதை அமுக்கும். அதில் அவருக்கு அக்கறை இல்லை. நாங்கள் நொடிக்குப் பத்து முறைதான் அளவெடுத்தோம், அந்த அதிர்வு ஒழுங்காக எங்களுக்கு வந்து சேரவும் வழியில்லை. அவர் பார்ப்பது நொடிக்கு ஓரிரு முறை, ஒழுங்கில்லாமல் போய் வரும் அலைச்சல். சக்‌ஷனில் காற்று என்றால் ஒரு மாதிரி, ஃபுட் வால்வில் ஏதாவது அடைத்துக்கொண்டால் வேறு மாதிரி. எண்ணில் இது வெறும் இரைச்சல். முள்ளில் இதுதான் செய்தி.

கடைசியில் முள்ளைச் சாந்தமாகவே விட்டுவிட்டு, அதன் பின்னால் வெளிர் மஞ்சளில் ஒரு வில்லை வரைந்தேன். கடந்த இரண்டு நொடியில் வந்த மிகக் குறைந்த அளவிலிருந்து மிக அதிக அளவு வரை அந்த வில் பரவியிருக்கும். பம்ப் சரியாக இருந்தால் முள்ளின் அகலத்துக்குமேல் மஞ்சள் தெரியாது. போல்ட்டைத் தளர்த்தினால் விசிறியாக விரியும். முதலாளிக்கு அது அழகாக இருந்தது, என்ன என்று கேட்கவில்லை. ஃபோர்மேன் மறுபடி ஸ்பானரை எடுத்துப் போய்த் தளர்த்தி, முறுக்கி, தளர்த்தி, “இது கேஜைவிடத் தேவலைங்க. போன ஆட்டத்தையும் வெச்சுக் காட்டுது” என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு யாருக்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

இந்த வேலை பிடித்துப்போன முதலாளி, மாத விற்பனைக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இப்படியொரு மீட்டர் வேண்டும் என்றார். மாட்டேன் என்று சொல்லவில்லை, பட்டைக் கோடாக வரைந்து கொடுத்தேன். மாதத்தில் ஒருமுறை மாறும் எண்ணுக்கு முள் எதற்கு? இலக்கு, நடப்பு, நல்லது கெட்டது எல்லாவற்றையும் ஒரே பட்டையில் காட்டும் ‘புல்லட்’ வரைபடத்தை ஸ்டீஃபன் ஃபியூ என்பவர் இந்த மாதிரி மீட்டர்களுக்கு மாற்றாகவே உருவாக்கினார். ஒரு சதுரத்துக்குள் வட்டம் போட்டு மூலைகளை வீணடிக்காமல், அடுத்தடுத்து அடுக்கிப் பார்க்கலாம். மேசைகளில் நான் பார்த்த மீட்டர் பொம்மைகளில் பெரும்பாலானவை அலங்காரம். முள் தன் தகுதியைக் காட்டுவது, பார்க்கிறவர் கை ஒரு வால்வில் இருக்கும்போதுதான்.

ஆம்பியர் மீட்டரை ஃபோர்மேன்தான் கேட்டு வாங்கினார், அதில் எனக்கு ஒரு பாடமே நடத்தினார். 5 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது இழுப்பது 8 ஆம்பியர் அளவில். நேரடியாக ஸ்டார்ட் செய்யும் கணத்தில் அதைப்போல ஆறு மடங்கு வரை இழுக்கும். 60 வரை சீரான அளவு வைத்தால், ஓடும்போது முள் மூலையில் ஒடுங்கிக்கிடக்கும். 10 வரை வைத்தால் ஸ்டார்ட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். பழைய பேனல் போர்டில் இருந்த மீட்டரைக் கழற்றிக்கொண்டு வந்து காட்டினார். 10 வரை விரிவாக, தாராளமாக. அதற்குமேல் 60 வரை கடைசி விரற்கடையில் நெருக்கியடித்து. கேஜ் நிரலில் அளவைக் கோணமாக்கும் கணக்கைத் தனியாகப் பிரித்து, இரண்டு துண்டாக மாற்றிக்கொடுத்தேன். ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தியதும் முள் வலது மூலைக்குப் பாய்ந்து, அங்கேயே ஒரு கணம் நின்று, திரும்பி 8-க்கு வந்து உட்காரும். எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்பதில் அவருக்கு ஏதோ கணக்கு இருந்தது. இந்த மீட்டருக்கு ஸ்லைடரை வைக்கவே விடவில்லை.

வோல்ட் மீட்டரையும் அதே மாதிரி செய்துவிடலாமே, நிரல் தயாராக இருக்கிறது, இரண்டு வரி போதும் என்றேன்.

“அதுக்கு எதுக்குங்க தம்பி முள்ளு? வேரியாக்கைத் திருப்பி 415-னு வெச்சமுன்னா வெச்சதுதான். அதை நம்பராவே போட்டுருங்க” என்றார். “பச்சையில போடுங்க. முன்னாடி இருந்தது மாதிரியே.”